ஒரே கொசுவின் வயிற்றில்

கொசு கடிக்கும், ஆனால் பேசாது என்றுதான் கருங்கல்வலசு நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தது. ஊரில் ஓர் ஆள் விடாமல், ஒரு மாடு குதிரை விடாமல் அரசாங்கம் எச்சில் தொட்டெடுத்து நம்பர் போட்டது. அதற்கு அடுத்த வருஷம் கொசுவும் வாய் திறந்தது. திறந்த வாயால் அது முதலில் கெடுத்தது குதிரைத் தரகன் சென்னியப்பனின் குடியை.

சென்னியப்பன் சாதாரணத் தரகனில்லை. ஆடிச் சந்தையில் நானூறு குதிரை நின்றால் முந்நூறு குதிரையின் விலை அவன் துண்டுக்குள்தான் முடியும். விற்பவன் கையும் வாங்குபவன் கையும் துண்டுக்குள் போய்விடும். வெளியே வாய் மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். உள்ளே விரல்கள் விலை பேசும். இருபத்தாறு வருஷமாகப் பிறத்தியார் கையைப் பிடித்துப் பிடித்து அவனுக்கு ஒரு படிப்பு வந்திருந்தது. பொய் சொல்கிற கை வேர்க்கும். ஆசைப்பட்ட கை இறுகும். விற்க மனமில்லாமல் விற்கிறவன் கை, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி சும்மா கிடக்கும். ஊரில் எல்லார் கையையும் படித்தவனுக்குக் கட்டிய பெண்டாட்டி கை மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்பதுதான் வேடிக்கை.

பெண்டாட்டி பேர் வசந்தாமணி. அவளை அவன் கட்டிய கதையே ஒரு தரகுக் கதை. அவளுக்கு உரிமைக்காரன் தாய்மாமன் மகன் திருமூர்த்தி. பாக்கு வெற்றிலை மாற்றவேண்டிய நேரத்தில் இரண்டு குடும்பத்துக்கும் கிணற்றுத் தண்ணீரில் சண்டை வந்துவிட்டது. அந்த வாரம் அவள் அப்பனிடம் ஒரு ஜோடி காளைக்கு விலை பேசப் போயிருந்த சென்னியப்பன், காளையை விட்டுவிட்டுப் பெண்ணை முடித்துக்கொண்டு வந்தான். 'மாடு பேசப் போய் மாப்பிள்ளையானவன்' என்று ஊர் சிரித்தது. அவனும் கூடச் சிரித்தான். ஆனால் பேச்சில் வந்த பொருள் பேச்சிலேயே போகும் என்பது தரகனுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பயம் அவன் நெஞ்சுக்குள் ஓரமாகக் கட்டிக்கிடந்தது.

திருமூர்த்தியாவது கொஞ்சம் ஒத்துழைத்திருக்கலாம். அவன் கிழடாகவும் இல்லை, தொப்பை போடவும் இல்லை. ஐம்பது வயதில் தலைக்கு மை அடிக்காமலே அழகாக இருக்கிற அயோக்கியத்தனத்தைச் செய்துகொண்டிருந்தான். பிள்ளைகள் படிப்புக்காக அவன் பெண்டாட்டி கோயமுத்தூரில் இருந்தாள். கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம், சென்னியப்பன் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஓடைத்தோட்டத்தில் ஐந்து குதிரைகளோடும் மாரப்பன் என்ற ஒரு புல்லறுக்கிற ஆளோடும் அவன் தனியாக இருந்தான். தனியாக என்பதைச் சென்னியப்பன் மனசுக்குள் எப்போதும் அழுத்திச் சொல்லிக்கொள்வான்.

இந்த நிலையில்தான் பூச்சி நலப் பணியாளர் நிறைமதி டப்பாவோடு வந்தாள். முப்பது வயதுப் பெண், ஸ்கூட்டரில் வருவாள். ஊர் அவளுக்குக் 'கொசு டீச்சர்' என்று பேர் வைத்திருந்தது. செருப்புப்பெட்டி அளவில் ஒரு டப்பாவைச் சென்னியப்பன் லாயத்தில் மாட்டிவிட்டு விளக்கம் சொன்னாள்.

"இது குதிரை மாதிரியே சூடா மூச்சு விடுங்ண்ணா. கொசு ஏமாந்து உள்ள வரும். வந்ததை ஒண்ணொண்ணா நசுக்கி, வயித்துச் சாத்துல பாதியை இந்த நீலக் குப்பிக்கும் பாதியைச் சிவப்புக் குப்பிக்கும் அனுப்பும்."

"ரெண்டு எதுக்கு அம்மிணி? ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மாவா?"

"நீலம், அது யார் யாரைக் கடிச்சுட்டு வந்ததுன்னு சொல்லும். சிவப்பு, அது என்ன சீக்கைத் தூக்கிட்டு வந்ததுன்னு சொல்லும்."

"சரி, அதை எதுக்குக் குதிரைகிட்ட மாட்டறீங்க? ஊருக்குள்ள மாட்டுனா ஆகாதா?"

"இந்த மூளைக்காய்ச்சல் குதிரைக்குத்தான் முதல்ல வரும். குதிரை ரத்தத்துல நல்லாப் பெருகி, பத்து நாள் கழிச்சு மனுசனுக்கு வரும். நம்ம ஆளுக என்ன செய்வாங்க? காய்ச்சல்னா ஒரு மாத்திரையைப் போட்டுட்டுக் காட்டுக்குப் போயிருவாங்க. குதிரை தடுமாறுச்சுன்னா சுழி சரியில்லைன்னு அடுத்த சந்தையில தள்ளிருவாங்க. ரெண்டுமே ஆஸ்பத்திரிப் பக்கம் வராது. சீக்கு பாட்டுக்குச் சத்தமில்லாம ஊர் ஊராப் போகும்."

சென்னியப்பன் சிரித்துக்கொண்டான். குதிரை உடம்பில் மயிர் சுழிக்கிற இடத்தைக் காட்டி நல்ல குதிரையைக் கெட்டதென்றும் கெட்டதை நல்லதென்றும் அவன் விற்றது கொஞ்சமா நஞ்சமா?

எந்த லாயத்துக்குள்ளும் நாய் குரைக்காமல் போகக்கூடியவன் தரகன்தான் என்பதால், ஊரின் ஒன்பது லாயத்திலும் மாட்டிய ஒன்பது டப்பாவையும் பார்க்கிற பொறுப்பை நிறைமதி அவனுக்கே கொடுத்தாள். எல்லா டப்பாவின் கணக்கும் தானாக வந்து விழுகிற ஒரு பலகைத் திரையும் கொடுத்தாள். "பேர் வராதுங்ண்ணா, நம்பர் மட்டுந்தான் வரும். எது யாருன்னு கண்டுபிடிக்கிறது சட்டப்படி தப்பு" என்று எச்சரித்தாள்.

தப்பு என்று சொல்லாதிருந்தால் ஒருவேளை விட்டிருப்பான். நாலு நாளில் உடைத்துவிட்டான். அவன் வீட்டு டப்பாவில் இரண்டு மனித நம்பர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன: 406, 412. இரண்டு நாள் உடம்பெல்லாம் வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்தான். 406 காணாமல் போனது. ஆக அது அவன், 412 வசந்தாமணி. ஓடைத்தோட்டத்து டப்பாவில் அதே மாதிரி இரண்டு. புல்லறுக்க வந்து போகிற நேரத்தில் வருவது 131, மாரப்பன். எந்நேரமும் கடிபடுகிற 88, திருமூர்த்தி.

ஆனி மாதம் பிறந்த மூன்றாம் நாள், ஓடைத்தோட்டத்து டப்பா ஒரு கொசுவுக்கு நேரே இரண்டு நம்பர் காட்டியது.

88. 412.

ஒரே கொசு. ஒரே வயிறு. அதற்குள் இரண்டு பேர் ரத்தமும் கலந்து கிடந்தது.

சென்னியப்பன் பலகையைக் கவிழ்த்து வைத்தான். உடனே நிறைமதியைக் கூப்பிட்டான். குரலைத் தரகுக் குரலாக, ஊரார் வீட்டுச் சங்கதி விசாரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டான்.

"ஒரு சந்தேகம் அம்மிணி. இந்தக் கொசு எவ்வளவு தூரம் பறக்கும்?"

"இந்த ஜாதிக் கொசு முக்கால் கிலோமீட்டர் தாண்டாதுங்ண்ணா."

"குடிச்ச ரத்தம் எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"ரெண்டு நாள். அதுக்கப்புறம் கரைஞ்சுரும். ஏனுங்ண்ணா?"

"சும்மாதான். ஆளுக கேக்கறாங்க."

மூன்று கிலோமீட்டர். நடுவில் கரடு. கொசு பறந்து போகாது. அப்படியானால் போனது யார்? சென்னியப்பன் மனசு விலையை முடித்துத் துண்டை உதறிவிட்டது.

பெண்டாட்டியிடம் நேராகக் கேட்கவில்லை. நேராக விலை கேட்கிறவனுக்கு விலை ஏறிவிடும் என்பது தொழில் பாடம். அன்று பொழுதுசாய, சாணி வழித்துக்கொண்டிருந்தவளிடம் சுற்றிவளைத்தான்.

"முந்தாநேத்து இந்நேரம் எங்க இருந்தே?"

"சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிருந்தேன். ஏனுங்க?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது? வாயில கடிவாளம் மாட்டுன மாதிரி இருக்குது."

அவள் சிரித்தாள். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்புதான். ஆனால் இன்று அவனுக்கு அதில் ஒரு பல் கூடுதலாகத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து தினமும் பொழுதிறங்குகிற நேரத்தில் அவன் குதிரை ஏற்றுகிற மூடு வேனை எடுத்துக்கொண்டு ஓடைத்தோட்டம் போக ஆரம்பித்தான். சாக்குக்குப் பஞ்சமில்லை. திருமூர்த்தியிடம் ஒரு பஞ்சகல்யாணி இருந்தது. நாலு காலும் முகமும் வெள்ளை, மற்றதெல்லாம் செம்பட்டை. ஆடிச் சந்தையில் அதை விற்றுத் தருவதாகப் பேச்சு.

"வா பங்காளி" என்பான் திருமூர்த்தி. ஒரே பெண்ணுக்கு முறையானவர்கள் ஒருவருக்கொருவர் பங்காளி முறைதான். பங்காளி என்றாலே பாதிப் பகை என்பதும் ஊர் அறிந்தது.

ஒருநாள் வேண்டுமென்றே துண்டை எடுத்துப் போட்டான் சென்னியப்பன். "சந்தைக்கு முன்னாடி நமக்குள்ள ஒரு விலை பேசி வெச்சுக்குவோம்."

இரண்டு கையும் துண்டுக்குள் போயின. திருமூர்த்தியின் கை நீளமாக, நிதானமாக இருந்தது. சென்னியப்பன் அதன் ஆள்காட்டி விரலைப் பிடித்தான். விலைக்காகப் பிடிக்கவில்லை. இந்த விரல் எதையெல்லாம் தொட்டிருக்கும் என்று பிடித்தான். நடுவிரலைப் பிடித்தான். மோதிர விரலைப் பிடித்தான்.

"என்ன பங்காளி, விலை ஏறிட்டே போகுது? நீ வாங்கற ஆளா, விக்கற ஆளா?" என்று திருமூர்த்தி சிரித்தான்.

"வீட்ல யாரும் வந்து போறாங்களா?" வாய் தன்னை மீறிக் கேட்டுவிட்டது.

"என்ற வீட்டுக்கு யாரு வாறா? நீதான் வாறே. தினமும் வாறே. ஊருல என்ன பேசுவாங்களோ!"

கை வேர்க்கவில்லை. அதுதான் சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு பழகிய கையாக இருந்தால் வேர்க்காமல் இருக்கும்!

டப்பாவும் அவனைச் சோதித்தது. பாதிச் சாற்றை வைத்துக்கொண்டு நீலக் குப்பி பல கொசுக்களுக்குத் 'தெளிவில்லை' என்றே காட்டியது. முழுச் சாற்றையும் நீலத்துக்கே கொடுத்தால் கடைசிச் சொட்டு வரைக்கும் யார் யார் என்று சொல்லிவிடும். மூடிக்குள் அதற்கென்று ஒரு திருகு இருப்பதை அவன் பார்த்திருந்தான். சிவப்புக் குப்பி மாட்டின நாளிலிருந்து ஒரு சீக்கையும் காட்டவில்லை. வேலை செய்யாத ஆளுக்கு எதற்குப் பாதிக் கூலி என்று அவன் மனசு நியாயம் பேசியது. ஒன்பது டப்பாவிலும் சிவப்பை மூடினான். முழுச் சாறும் நீலத்துக்குப் போனது.

மேலே இருக்கிற அலுவலகத்துக்குத் தினமும் போகிற தாளில் சிவப்புக்கு நேரே 'தொற்று பதிவாகவில்லை' என்று விழுந்தது. பார்க்காததற்கும் பதிவாகவில்லை, பார்த்து இல்லாததற்கும் பதிவாகவில்லை. அலுவலகத்துக்கு இரண்டும் ஒரே பச்சைக் கோடுதான். இருபது நாள் கழித்துக் கருங்கல்வலசின் சுகாதாரத்தைப் பாராட்டி ஒரு கடிதம்கூட வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் அதை ஒட்டிவைத்தார்கள்.

சென்னியப்பனுக்கு வேண்டியதும் வந்தது. 88, 412. இன்னொன்று. மறுபடி ஒன்று. நடுவில் மூன்று நாள் பல்லடத்துக்கு ஒரு பேரத்துக்காகப் போய்த் தங்கினான். அந்த மூன்று நாளும் ஒன்றுமே இல்லை. ஆள் ஊரில் இல்லாதபோது சும்மா இருந்து, வந்த பிறகு தொடர்கிறார்கள். யாருக்கும் சந்தேகம் வராது, என்ன கெட்டிக்காரத்தனம் என்று மலைத்துப்போனான். நம்பர் வந்தால் அது சாட்சி. வராவிட்டால் அது அதைவிடப் பெரிய சாட்சி. ஆகமொத்தம் பதினேழு சேர்ந்தது.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே வசந்தாமணி கேட்டாள்: "திருமூர்த்தி மாமனோட வெள்ளைமூஞ்சிக் குதிரை நடை தள்ளாடுதாமே?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"மாரப்பன் சொசைட்டியில சொன்னான். ஏன், தெரியக் கூடாதா?"

"தெரியலாம், தெரியலாம். எல்லாந் தெரியலாம்."

குதிரை தள்ளாடியது உண்மைதான். அன்று சாயங்காலமே பார்த்தான். பஞ்சகல்யாணி சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றது. பின்னங்கால் இரண்டும் நடுங்கின. கீழுதடு தொங்கிப்போயிருந்தது.

"உன்கிட்ட மறைக்க முடியாது பங்காளி" என்று திருமூர்த்தி குரலைத் தாழ்த்தினான். "சந்தைக்கு எட்டே நாள்தான் இருக்குது. வெளிய சொல்லிறாதே. வெயிலா இருக்கும், சரியாப் போயிரும். டப்பாவுல ஏதாச்சும் காட்டுதா?"

சென்னியப்பன் பலகையைப் பார்த்தான். "தொற்று பதிவாகலைன்னுதான் வருது."

அது பொய்யில்லை. சொல்லிக்கொண்டே மனசுக்குள் சபித்தான். இவன் குதிரை விழட்டும், சந்தையில் இவன் மானம் போகட்டும், அவள் பார்க்கட்டும்.

விழுந்தது குதிரை இல்லை, மாரப்பன். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் புல்லுக்கட்டை இறக்கி வைத்தவன் அப்படியே சாய்ந்தான். வெயில் அடித்துவிட்டது என்றார்கள். சாவு வீட்டில் வசந்தாமணி அழுதாள். அந்தப் பக்கம் திருமூர்த்தி துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றான். செத்தவனைச் சென்னியப்பன் ஒரு தடவைதான் பார்த்தான். இவள் அவனை எத்தனை தடவை பார்க்கிறாள் என்பதை எண்ணிக்கொண்டிருந்தான். நாலு தடவை.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் மாட்டுக்கொட்டகையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கன்றுக்குட்டியின் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வசந்தாமணி நின்றிருந்தாள். முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவிழ்க்கிற முடிச்சை முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையில் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

"இது எப்படீங்க?" என்று கயிற்றை நீட்டினாள். அவன் வாங்குவதற்குள் கால் மடங்கி விழுந்தாள்.

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் மூளைக்காய்ச்சல் என்றார். "இதே மாதிரி தெரியற காய்ச்சல் ஆறு வகை இருக்கு. எதுன்னு தெரிஞ்சா மருந்து மாத்தலாம். உங்க ஊர்லதான் கொசு டப்பா இருக்காமே, அதுல என்ன வந்துச்சு?"

சென்னியப்பன் பலகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். சேதி கேட்டு வந்து கதவோரம் நின்ற நிறைமதி அவன் கையிலிருந்த பலகையை வாங்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளுத்தது. அவனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனாள்.

"சிவப்பை மூடியிருக்கீங்க."

"ஆமா அம்மிணி."

"ஒன்பதுலயும்."

"ஆமா."

"எதுக்குங்ண்ணா?"

தரகன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டதற்குப் பேரமில்லாமல் நேராகச் சொன்னான். 88 யார், 412 யார், பதினேழு தடவை, எல்லாம். சொல்லும்போது அவன் குரல் அழவில்லை. அவ்வளவுக்குப் பிறகும் அதில் ஒரு சூடு இருந்தது. "கொசு பொய் சொல்லுமா, நீங்களே சொல்லுங்க!" என்றான்.

நிறைமதி தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பதினேழு வரியையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்:

"இதுல மூணாவதா ஒரு நம்பர் வருதே, அதைப் பாத்தீங்களா? மா-57."

"அது மாட்டு நம்பர். மாடெல்லாம் எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"உங்க வீட்டு மாடுங்ண்ணா. பதினேழுல பதிமூணு கொசு உங்க மாட்டையும் கடிச்சிருக்கு. அப்ப உங்க மாடும் கரடு தாண்டி ஓடைத்தோட்டம் போய்ட்டுப் போய்ட்டு வந்துச்சுங்களா?"

சென்னியப்பன் பலகையை எட்டிப் பார்த்து மா-57 வந்த வரிகளை விரலால் எண்ணினான்.

"நீங்க அங்க எதுல போனீங்க?"

"வேன்ல."

"வேன் எங்க நிக்கும்?"

"மாட்டுக்கொட்டகைய ஒட்டி."

"உள்ள வைக்கோல், இருட்டு, சூடு. அக்கா விடியால பால் கறக்கறப்பக் கடிச்ச கொசு பகலெல்லாம் அதுலதான் அடைஞ்சிருக்கும். பொழுதுசாய நீங்க கதவைச் சாத்திட்டுக் கிளம்புனீங்க. அங்க போய்த் திறந்தீங்க. அது இறங்கிப்போய் அவரைக் கடிச்சுட்டு டப்பாவுக்குள்ள விழுந்துச்சு." பலகையை அவன் பக்கம் திருப்பினாள். "நீங்க பல்லடம் போன மூணு நாளும் ஒண்ணும் வரலை பாருங்க. அக்கா அங்க போகவே இல்லைங்ண்ணா. நீங்கதான் தினமும் கொண்டுபோய் விட்டிருக்கீங்க."

முதல் கொசு எப்படி என்று கேட்க அவன் நாக்கு எழுந்தது. ஆனி பிறந்து இரண்டாம் நாள் ஓடைத்தோட்டத்துக் குதிரைக்கு லாடம் பார்க்க அந்த வேனில்தான் போயிருந்தான் என்பது ஞாபகம் வந்ததும் நாக்கு அடங்கியது.

"திரும்பி வரப்ப அங்கிருந்த கொசு ஏறி இங்க வந்திருக்கும்" என்றாள் நிறைமதி. படுக்கையில் கிடப்பவளுக்குச் சீக்கு எந்த வண்டியில் வந்தது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

நிறைமதி நேராக ஓடைத்தோட்டம் போய்ப் பஞ்சகல்யாணியின் ரத்தம் எடுத்தாள். மாலைக்குள் காய்ச்சல் எந்த வகை என்று தெரிந்து டாக்டர் மருந்தை மாற்றினார். ஒரு குதிரைக்குத் தெரிந்தது; மற்றதற்கு? நாலு ஜில்லாவிலிருந்து குதிரைகள் சந்தைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு மாதமாக எந்தக் கொசு யாரைக் கடித்துவிட்டு யாரிடம் போனது என்பதற்கு உலகத்தில் ஒரே தடயம்தான் இருந்தது: சென்னியப்பன் பொறாமையில் கடைசிச் சொட்டுவரை பிழிந்துவைத்த அந்தப் பட்டியல். சிவப்பில்லாத குறையை அதன் ஆழம் கொஞ்சம் ஈடுகட்டும். அதில் இருக்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சோதித்தால் போதும்.

"யாருக்கு யார் மூலமா வந்திருக்கும்னு விளக்கித்தான் ஆளுகளைக் கூப்பிடணும். இந்த 88, 412 மட்டும் எடுத்துரட்டுங்களா?" என்று நிறைமதி கேட்டாள். "நீங்க படிச்ச மாதிரிதான் ஊரும் படிக்கும்."

"எடுத்தா என்ன ஆகும்?"

"உங்க வீட்டுப் பக்கமும் ஓடைத்தோட்டத்துப் பக்கமும் தனித்தனி மாதிரி தெரியும். நடுவுல வேன் போன வழியெல்லாம் விட்டுப்போயிரும். அந்த வழியில இருக்கற பதினெட்டு பேரைச் சோதிக்காம விட்டுருவோம்."

மறுநாள் காலை சந்தைமேட்டில், முந்நூறு பேருக்கு நடுவில், சென்னியப்பன் ஒரு தண்ணீர்த்தொட்டித் திட்டில் ஏறி நின்றான். சந்தை கூடாது, எல்லாரும் வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கவேண்டும் என்றான். ஏன் என்று கேட்டார்கள். சொன்னான். ஒன்றையும் துண்டு போட்டு மூடவில்லை.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு கூட்டமே சிரித்தது.

"டேய் சென்னி! பொண்டாட்டி எங்க போறான்னு பாக்கப் போயி, நீயே வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போனியாடா!"

"மாட்டையும் சேத்துச் சந்தேகப்பட்டியா, இல்ல மாட்டுக்கு மட்டும் மன்னிப்பா?"

"தரகு எந்தப் பக்கம்டா வாங்குனே?"

திருமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திட்டுக்குக் கீழே நின்றான். பதினேழு நம்பரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாரப்பனுக்கு என்னடா சொல்றே?" என்றான். பிறகு தானே தலையைக் குனிந்துகொண்டு, "நானும் குதிரைய மறைச்சேன். நாம ரெண்டு பேரும் என்னடா சொல்றது?" என்றான்.

சிரிப்பு நின்றுவிட்டது. வரிசை உருவானது.

பட்டியலில் இருந்தவர்களில் ஆறு பேருக்குத் தெரியாமலே காய்ச்சல் உள்ளே ஏறியிருந்தது. ஆறு பேரும் பிழைத்தார்கள். குதிரைகளில் மூன்றைக் காப்பாற்ற முடியவில்லை. பஞ்சகல்யாணி அதில் ஒன்று. சந்தை அந்த வருஷம் நடக்கவில்லை.

வசந்தாமணி இருபத்து மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். இடது கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. நடந்ததை எல்லாம் பால் சொசைட்டி அவளுக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருக்கும். அவள் கத்துவாள், அழுவாள், அம்மா வீட்டுக்குப் போவாள் என்று சென்னியப்பன் ஒவ்வொரு நாளும் காத்திருந்தான். ஒரே ஒருநாள், கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள், அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"பதினேழு கொசுவைப் பாத்தீங்க. நான் மூணு நாளாத் தலைவலின்னு துணியைக் கட்டிட்டுத் திரிஞ்சேன். அதைப் பாக்கலியே நீங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டப்பா பார்க்கிற வேலை அவனிடமிருந்து போனது. நிறைமதி அதை வசந்தாமணிக்குக் கொடுத்தாள். சாயங்காலம் ஒன்பது லாயத்தின் கணக்கும் அவள் மடியில் வந்து விழும். நடுங்குகிற கையை முழங்காலில் அழுத்திக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாள். சென்னியப்பன் எதிரே கட்டிலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கார்த்திகையில் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டான்:

"நீலத்தையும் பாக்கறியா?"

"டீச்சர் வேண்டாம்னாங்க. நான் சிவப்பு மட்டுந்தான்."

"பாக்கணும்னா பாக்கலாம். ஒரு தட்டுத் தட்டுனாப் போதும்." கட்டில் நுனிக்கு நகர்ந்தான். "என்ற நம்பர் 406."

"சரிங்க."

"நான் பதினஞ்சு நாளா வேங்கடத்தாள் தோட்டத்துப் பக்கமே சுத்திட்டிருக்கேன். அந்த அம்மா தனியாத்தான் இருக்குது. அந்த டப்பாவுல 406 எத்தனை தடவை வருதுன்னு பாத்தியா?"

வசந்தாமணி நிமிர்ந்தாள். அவன் என்ன கேட்கிறான் என்று உண்மையிலேயே யோசித்தாள். அவள் கண்ணில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை, அவன் தேடிக்கொண்டிருந்த ஒரு துளிப் பொறாமையும் இல்லை.

"எதுக்குங்க?" என்றாள்.

அவன் தோள் துண்டை எடுத்து மடித்தான். அவள் பலகையில் அடுத்த லாயத்தைத் தள்ளினாள்.